வெற்றுச் சீட்டை யார் கணக்கில் எழுதுவது?

தேர்தல் வந்துவிட்டால் தொழிலாளியைப் பார்த்துக் கேட்கப்படும் முதற் கேள்வி, "நீ எந்தப் பக்கம்?" என்பதுதான். "இன்னும் தீர்மானிக்கவில்லை" என்று அவன் சொல்லிவிட்டால் கேட்டவர் முகம் சுருங்கிவிடுகிறது. ஒரு பக்கத்தார் அவனைப் பயந்தாங்கொள்ளி என்கிறார்கள். மறுபக்கத்தார், இவன் உள்ளுக்குள் எதிராளிக்கு வேலை செய்கிறவன் என்று காதோடு காதாகப் பேசுகிறார்கள். படித்தவர்கள் சிலர், இவனுக்கு அரசியல் அறிவு போதாது என்று தலையை ஆட்டுகிறார்கள். அவன் ஏன் தீர்மானிக்கவில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்த பிரமுகரை நாம் அதிகம் கண்டதில்லை.

தோழர்களே! அந்தத் தீர்மானிக்காத மனிதனுக்காக இன்று நாம் வக்காலத்து வாங்கப் போகிறோம்.

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் தொகுதியை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் ரப்பர் மரமும் கம்பத்து வீடுமாக இருந்த பூமி. இன்று அடுக்குமாடி வீடுகளும், 1999 முதல் அவற்றைச் சுற்றி ஓடும் இலகு ரயிலுமாக மாறிவிட்ட ஊர். 2020 ஜூலை 10-ஆம் தேதி நடந்த பொதுத் தேர்தலில் இங்கே மக்கள் செயல் கட்சியின் லியாங் எங் ஹுவா நூற்றுக்கு 53.7 ஓட்டுப் பெற்று வென்றார். சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சியின் டாக்டர் பால் தம்பையாவுக்கு 46.3 கிடைத்தது. 2025 மே 3-ஆம் தேதி மறுபடியும் அதே இருவர் அதே தொகுதியில் மோதினார்கள். இந்தத் தடவை லியாங்குக்கு 61.4, தம்பையாவுக்கு 38.6.

ஆளும் மாறவில்லை, கட்சியும் மாறவில்லை. இடம் மாறிப் போனவர்களையும் புதிதாக ஓட்டுரிமை வந்தவர்களையும் கழித்துப் பார்த்தாலும், ஐந்தாண்டுக்குள் மனம் மாறியவர்கள் இந்த ஒரு தொகுதியில் ஆயிரக்கணக்கில் இருந்திருக்க வேண்டும். செக்ரோல் எழுதிப் பழகிய கைக்கு இந்தக் கணக்குப் போடப் பெரிய படிப்புத் தேவையில்லை. எந்தக் கட்சிக் கொடியோடும் சேர்த்துத் தைக்கப்படாத இந்த மனிதர்கள்தாம் வெற்றியைப் பெரிதாக்குகிறார்கள், சிறிதாக்குகிறார்கள். மேடைப் பேச்சோ, ஏற்கெனவே கைதட்டுகிறவனைப் பார்த்தே பேசப்படுகிறது. இதுதான் நமக்கு எரிச்சல் மூட்டும் காரியம்.

2020 தேர்தலில் கொள்ளைநோய் காரணமாகப் பொதுக்கூட்டம் கிடையாது. தொலைக்காட்சியும் கைப்பேசியுமே மேடை. ஜூலை 1-ஆம் தேதி ஆங்கிலத்திலும் மாண்டரினிலும் நேரடி விவாதம் நடந்தது. ஆங்கில விவாதத்தில் மக்கள் செயல் கட்சிக்கு விவியன் பாலகிருஷ்ணன், பாட்டாளிக் கட்சிக்கு ஜேமஸ் லிம், சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சிக்கு சீ சூன் ஜுவான், சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சிக்கு பிரான்சிஸ் யூவன் என நால்வர் உட்கார்ந்தார்கள். சீ சூன் ஜுவான், மக்கள்தொகையை ஒரு கோடிக்கு உயர்த்தும் எண்ணம் ஆளுவோருக்கு உண்டு என்ற பொருளில் பேசினார். பாலகிருஷ்ணன் அது பொய் என்று அடித்துச் சொன்னார். அதற்குப் பிறகு, அந்த ஒரு கோடியை யார் எங்கே எப்போது சொன்னார், சொன்னாரா இல்லையா என்பதிலேயே பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு தரப்பு பொய் பிடிபட்டது என்றது. மறு தரப்பு, நாங்கள் கேட்டதால்தான் அப்படி ஒரு திட்டம் இல்லை என்ற வாக்குறுதி கிடைத்தது என்று வெற்றி கொண்டாடியது.

ஒரு கோடியோ அறுபது லட்சமோ, ஆள் கூடினால் என் கூலி என்ன ஆகும், என் பிள்ளையின் முதல் வேலைக்கு எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள், ஆள் குறைந்தால் என் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் பணிவிடை செய்ய யார் இருப்பார்கள் என்பதல்லவா ஓட்டுப் போடுகிறவன் கேள்வி? ஒரு கோடியைப் பற்றிய சண்டையில் யார் வென்றார் என்பது அவரவர் கட்சிக்காரர்களுக்கு அன்றிரவே தெரிந்துவிட்டது. தீர்மானிக்காதவன் கேள்வி மறுநாட் காலையிலும் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது.

இது நேற்று முளைத்த வியாதியா என்றால் இல்லை. சிங்கப்பூர் சரித்திரத்திலேயே தீர்மானிக்காதவன் மிகப் பெரிய எண்ணிக்கையில் தென்பட்ட நாள் ஒன்று உண்டு. அது 1962 செப்டம்பர் 1. மலேசியாவோடு எப்படிச் சேருவது என்று மக்களைக் கேட்ட பொதுஜன வாக்கெடுப்பு நாள். தோட்டத்தில் இருப்பவர்கள், சிங்கப்பூர் ஓட்டுக் கதை நமக்கு எதற்கு என்று கேட்க வேண்டாம். கடற்பாலத்துக்கு இரண்டு பக்கமும் இருந்த தமிழன் எந்த நாட்டுப் பிரஜை என்ற விவகாரம் அதில் அடங்கியிருந்தது.

முதலில் ஓராண்டு பின்னே போவோம். 1961 ஜூலையில் ஆளுங்கட்சி உள்ளுக்குள்ளேயே இரண்டாகப் பிளந்தது. விடிய விடிய நடந்த சட்டசபை விவாதத்துக்குப் பிறகு, ஜூலை 21-ஆம் தேதி நம்பிக்கைத் தீர்மானத்தின் மேல் ஓட்டெடுத்தார்கள். ஆதரவு 27, எதிர்ப்பு 8, எந்தப் பக்கமும் கை தூக்காதவர் 16. மொத்தம் 51 பேர் கொண்ட சபையில் பெரும்பான்மைக்கு வேண்டியதற்கு மேல் ஒரே ஒரு தலை! சிக்லாப் உறுப்பினரான சகோரா பிந்தி அகமது என்ற அம்மையார் நோயாளியாக ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவரை ஆம்புலன்சில் ஏற்றிக் கொண்டுவந்துதான் அந்த 27-ஐ நிறைவு செய்தார்கள். ஓட்டு தேவைப்படும்போது ஆம்புலன்சே வரும் என்று அன்றே தெரிந்துபோயிற்று.

பிளந்து போனவர்கள் பாரிசான் சோசியாலிஸ் என்ற கட்சியைத் தொடங்கினார்கள். கட்சி உடைந்த கையோடு தொழிற்சங்கமும் உடைந்தது. ஒரு பக்கம் தேவன் நாயர் தலைமையில் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ். மறுபக்கம் பாரிசானை ஆதரித்த சங்கங்களின் கூட்டணி, அதில் எஸ்.டி. பானி, எஸ். வுட்ஹல் போன்றோர். இந்தத் தேவன் நாயர் ஒரு ரப்பர்த் தோட்டக் கிராணியின் மகன் என்பதை நம் வாசகர்கள் அறிந்திருக்கலாம். அவரும் வுட்ஹலும் லிம் சின் சியோங்கும் ஆங்கிலேயர் ஆட்சியில் ஒன்றாய்ச் சிறையிருந்து 1959 ஜூன் 4-ஆம் தேதி ஒன்றாய் வெளியே வந்தவர்கள். இரண்டே ஆண்டில் எதிரெதிர் மேடையில் நின்று ஒருவரையொருவர் தொழிலாளி விரோதி என்றார்கள். அன்று வரை மூவருக்கும் சேர்த்துக் கைதட்டிய கப்பல் துறைத் தொழிலாளியின் நிலையைச் சற்று நினைத்துப் பாருங்கள். நேற்றைக்கு ஒரே சந்தாச் சீட்டு, இன்றைக்கு எந்தப் பக்கம் என்று சொல்லியாக வேண்டும்.

வாக்குச் சீட்டில் மூன்று வழிகள் இருந்தன. முதல் வழி, கல்வியும் தொழிலாளர் விவகாரமும் சிங்கப்பூர் கையிலேயே இருக்கும்படி சேருவது. இரண்டாவது, மலாயாவின் மற்ற மாநிலங்களைப் போலவே முழுதாகச் சேருவது. மூன்றாவது, போர்னியோ நாடுகளுக்குக் கிடைக்கும் நிபந்தனைகளுக்குக் குறையாத நிபந்தனைகளில் சேருவது. சேரவே வேண்டாம் என்று சொல்ல வழி இல்லை. இது என்ன நியாயம் என்று எதிர்க்கட்சி கேட்டது. பெரிய கட்சி எதுவும் இணைப்பே கூடாது என்று சொல்லவில்லையே, பிறகு எதற்கு அந்தக் கேள்வி என்று ஆளுங்கட்சி கேட்டது. இரண்டு வாதமும் காதில் நியாயமாகவே விழும். அதனால்தான் நடுவில் நின்றவன் திணறினான்.

விவாதத்துக்கா பஞ்சம்? பிரதமர் லீ குவான் இயூ 1961 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வானொலியில் பன்னிரண்டு சொற்பொழிவுகள் ஆற்றினார். ஒவ்வொன்றையும் ஆங்கிலம், மலாய், மாண்டரின் என மும்மொழியிலும் தாமே பேசினார். நவம்பரில் பாரிசான் தலைவர் டாக்டர் லீ சியூ சோ சட்டசபையில் ஏழரை மணி நேரம் பேசிச் சாதனை படைத்தார். ஏழரை மணி நேரம்! காலைப் பெரட்டுக்கு நின்றவன் பால் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பிவிடலாம், அவர் பேச்சு முடிவதற்குள். வானொலி சர்க்கார் கையில் இருந்தது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லத்தான் வேண்டும்.

இவ்வளவு பேச்சிலும் தொழிலாளிக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்த காரியங்கள் இரண்டு. ஒன்று பிரஜாவுரிமை. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தால், எட்டு ஆண்டு குடியிருந்த வெளிநாட்டார் சிங்கப்பூர்ப் பிரஜையாகப் பதிந்துகொள்ள வழி பிறந்தது. பதிந்துகொள்ளுங்கள், பதிந்துகொள்ளுங்கள் என்று 'தமிழ் முரசு' கோ. சாரங்கபாணி அவர்கள் தமிழர்களை விடாமல் வற்புறுத்தினார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவர்கள் வரிசையில் நின்று பதிந்துகொண்டார்கள். அந்தத் தாளின் மை உலர்ந்து ஐந்து வருஷம் ஆவதற்குள், இரண்டாவது வழிக்கு ஓட்டுப் போட்டால் வெளிநாட்டில் பிறந்தவன் அந்த உரிமையை இழப்பான் என்று ஒரு தரப்பு எச்சரித்தது. முதல் வழிக்குப் போட்டால் நீ இரண்டாந்தரப் பிரஜை என்று மறு தரப்பு எச்சரித்தது. ஓட்டுக்குச் சில வாரங்களே இருக்கையில், 1962 ஆகஸ்ட் மாத நடுவில்தான், சிங்கப்பூர்ப் பிரஜைகளும் மலேசியப் பிரஜைகள் என்றே வழங்கப்படுவார்கள் என்ற உடன்பாடு வெளியாயிற்று. அதுவரை தீர்மானிக்காமல் காத்திருந்தவன் மடையனா? சரக்கின் விலையே சொல்லப்படாத கடையில் காசை நீட்டாதவனை நாம் மடையன் என்று சொல்வதில்லையே.

இரண்டாவது காரியம் தொழிலாளர் சட்டம். கல்வியும் தொழிலாளர் விவகாரமும் சிங்கப்பூரிடம் இருக்கும், அதற்கு ஈடாகக் கோலாலம்பூர் நாடாளுமன்றத்தில் சிங்கப்பூருக்கு 15 இடம்தான். மொத்த இடங்கள் 159. ஜனத்தொகையில் மிகச் சிறிய சபாவுக்கு 16 இடம்! இந்தக் கொடுக்கல் வாங்கல் தொழிலாளிக்கு லாபமா நஷ்டமா? சங்கச் சட்டம் நம் கையில் இருப்பது நல்லது என்று வைத்துக்கொண்டாலும், வரியும் வாணிபமும் முடிவாகும் சபையில் குரல் இளைத்துப் போகிறதே? கிளைக் கூட்டம் போட்டு நாலு நாள் அலச வேண்டிய விஷயம் இது. கிளையே இரண்டாகப் பிளந்து கிடந்தால் எங்கே அலசுவது?

இணைப்பின் நிபந்தனைகளை ஏற்காதவர்கள் வெற்றுச் சீட்டுப் போடுங்கள் என்று பாரிசான் பிரசாரம் செய்தது. குறி போடாத சீட்டுப் போட்டவர், முடிவைச் சட்டசபைப் பெரும்பான்மைக்கே விட்டுவிட்டதாகக் கொள்ளலாம் என்று வாக்கெடுப்புச் சட்டத்திலேயே இடம் வைத்திருந்தார்கள். சீட்டுகளை எண்ணியபோது முதல் வழிக்கு 397,626. இரண்டாவதற்கு 9,422. மூன்றாவதற்கு 7,911. வெற்றுச் சீட்டு 144,077.

இந்தக் கடைசி எண்ணைத்தான் நாம் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். இரண்டாவது, மூன்றாவது வழிகளுக்கு விழுந்ததைக் கூட்டினாலும் 17,333 தான். வெற்றுச் சீட்டு அதைப் போல் எட்டு மடங்குக்கும் மேல். ஓட்டுப் போட்டவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் ஒன்றும் எழுதாமல் சீட்டைப் பெட்டிக்குள் போட்டிருக்கிறார். பாரிசான் சொன்னபடி செய்தவர்கள் அதில் பெரும் பகுதி இருப்பார்கள் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எல்லாருமா? வானொலியையும் கேட்டு, மைதானத்துப் பேச்சையும் கேட்டு, தன் பிரஜாவுரிமைத் தாளையும் எடுத்துப் பார்த்து, இந்த மூன்றில் எதுவும் என் கேள்விக்கு விடையாக இல்லை என்று கையை விரித்தவன் அதில் ஒருவனும் இல்லையா? இருந்தான் என்றே நாம் கருதுகிறோம். எத்தனை பேர் என்று இனி எவராலும் சொல்ல முடியாது. ஏனென்றால் வெற்றுச் சீட்டுக்கு வாய் இல்லை. மறுநாளே ஒரு கட்சி அத்தனையையும் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டது. மற்றொரு கட்சி எழுபது சதவீத வெற்றியைக் காட்டி அதை ஓரமாகத் தள்ளியது. தீர்மானிக்காதவனுடைய மௌனம் அவனைக் கேளாமலே விலை போயிற்று.

பிறகு நடந்ததும் பார்க்க வேண்டியதே. 1963 பிப்ரவரி 2-ஆம் தேதி பாரிசான் தலைவர்கள், சங்கத் தலைவர்கள் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் விசாரணையின்றிச் சிறைப்பட்டனர். விவாதத்தின் ஒரு பக்கம் பூட்டிய கதவுக்குப் பின்னால் போய்விட்டது. அந்தக் காரியத்துக்கு என்ன பாதுகாப்புக் காரணம் சொன்னாலும் சரி, ஒரு காதால் மட்டும் கேட்டு எவனும் நியாயம் தீர்க்க முடியாது என்பது நம் கட்சி. அவ்வாண்டு செப்டம்பர் 21-ஆம் தேதித் தேர்தலில், 1959-இல் மக்கள் செயல் கட்சியின் லீ கூன் சோயைத் தேர்ந்தெடுத்த இதே புக்கிட் பாஞ்சாங், பாரிசானின் ஓங் லியான் தெங்கைச் சட்டசபைக்கு அனுப்பியது. அனுப்பி என்ன பலன்? 1966-இல் அந்தப் பாரிசானே நாடாளுமன்றம் வேண்டாம் என்று வெளியேறிவிட்டது. ஓட்டுப் போட்டவனிடம் அனுமதி கேட்டா போனார்கள்? 1968 முதல், ஆன்சன் இடைத்தேர்தலில் ஜே.பி. ஜெயரத்தினம் வென்ற 1981 வரை, அந்தச் சபையில் ஆளுங்கட்சி தவிர ஒரே ஓர் உறுப்பினரும் கிடையாது.

முதல் வழியோ? மலேசியா 1963 செப்டம்பர் 16-இல் பிறந்தது. 1965 ஆகஸ்ட் 9-இல் சிங்கப்பூர் பிரிந்தது. இரண்டு வருஷம் முழுதாக ஓடவில்லை. பன்னிரண்டு சொற்பொழிவின் உறுதியும் ஏழரை மணி நேரத்தின் உறுதியும் இப்படி முடியும் என்று எந்த மேடையும் முன்னே சொல்லவில்லை. சந்தேகத்தோடு நின்றவனைப் பார்த்து இரு தரப்பும் சிரித்தது எவ்வளவு தூரம் சரி என்று வாசகர்களே எடை போடட்டும்.

"ஆகவே வெற்றுச் சீட்டே போட்டுவிடுவோம்" என்று ஒரு தோழர் சொல்லக் கூடும். அது வேண்டாம் என்பதே நம் அபிப்பிராயம். இன்றைய சிங்கப்பூரில் குறியில்லாத சீட்டு செல்லாத சீட்டு, குப்பையோடு போகும். ஓட்டுச் சாவடிக்கே போகாவிட்டால் பெயர் பட்டியலிலிருந்து அடிபடும். தக்க காரணம் இல்லாதவன் அதைத் திரும்பச் சேர்க்க 50 வெள்ளி கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் நம் உறவினர்களுக்கு 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 'நோட்டா' என்ற பொத்தான் கிடைத்தது. மேற்கண்ட எவருக்கும் இல்லை என்று அழுத்தலாம். ஆனால் அந்தப் பொத்தானுக்கே அதிக ஓட்டு விழுந்தாலும், சட்டசபை, நாடாளுமன்றத் தேர்தல்களில் அதற்கு அடுத்து நிற்கும் வேட்பாளரே ஜெயித்தவர். கோபத்தைப் பதிவு செய்யலாம். கேள்விக்குப் பதில் வராது. 1962-இன் 144,077 சீட்டும் நமக்குச் சொல்லுவது அதுதான்.

கேள்வியைச் சீட்டுப் பெட்டிக்கு வெளியே, வாய் திறந்து, முன்கூட்டியே கேட்க வேண்டும். தனியாள் கேட்டால் "நீ எந்தப் பக்கம்?" என்பார்கள். சங்கம் கேட்டால் அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியாது. எந்தப் பக்கம் ஓட்டு என்று உறுப்பினருக்குக் கட்டளையிடுவது சங்கத்தின் வேலை என்று நினைக்கும் தலைவர்கள் நம்மிடையேயும் உண்டு. அவர்களோடு நாம் ஒத்துப்போவதில்லை. சந்தாப் பணம் எல்லாக் கட்சிக்காரனுடையதும், எந்தக் கட்சியும் இல்லாதவனுடையதும்.

எப்படிக் கேட்பது? கேள்வி ஒவ்வொன்றும் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். உதாரணத்துக்கு ஒன்று. கைப்பேசியில் வரும் உத்தரவைப் பார்த்து மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகிறவர்களுக்காகச் சிங்கப்பூரில் ஒரு சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. வேலையில் காயம்பட்டால் இழப்பீடு உண்டு. மத்திய சேமநிதிக்கு நிறுவனமும் பணம் கட்ட வேண்டும். நல்ல சட்டம், மனதாரப் பாராட்டுகிறோம். ஆனால் 1995-க்கு முன் பிறந்தவனுக்கு, அவனாக விரும்பிச் சேர்ந்தால்தான் அந்தக் கூடுதல் சேமநிதிச் சந்தா. கையிலுள்ள கூலி குறையுமே என்று தயங்கி, நாற்பது வயதுக்காரன் சேராமல் இருந்துவிட்டால் அறுபதில் அவன் கதி என்ன? அவனுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள், அதற்கான பணம் நிறுவனத்திடமிருந்தா, சாப்பாடு வாங்குகிறவனிடமிருந்தா, வரிப்பணத்திலிருந்தா? எதிர்த்தரப்பு மோசம் என்று சொல்லி இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது பாருங்கள். அதற்காகத்தான் கேள்வியை இப்படி அமைக்க வேண்டும் என்கிறோம்.

இது போல ஐந்து கேள்வி போதும். உறுப்பினர்களிடமிருந்தே திரட்டி, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, எல்லா வேட்பாளருக்கும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில் அனுப்ப வேண்டும். வருகிற பதில்களைக் கிளைக் கூட்டத்தில் ஒரு வரி கூட்டாமல் குறைக்காமல் வாசிக்க வேண்டும். வாசிப்பவர் கட்சி உறுப்பினராக இருக்கலாகாது. பதில் அனுப்பாதவர் பெயர் வரும்போது "பதில் வரவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போக வேண்டும். 2011 முதல் சிங்கப்பூரில், ஓட்டு நாளுக்கு முந்தின நாள் பிரசாரம் ஓய்ந்து, ஓட்டுக்காரன் யோசிப்பதற்கென்று விடப்படுகிறது. தீர்மானிக்காதவனுக்கென்றே சட்டம் ஒதுக்கிய ஒரே நாள் அது. அந்த நாளில் அவன் வீட்டில் உட்கார்ந்து யோசிக்கும்போது கையில் அந்தப் பதில்கள் இருக்க வேண்டுமானால், கிளைக் கூட்டம் அதற்கு முந்தின இரவுக்குள் முடிந்திருக்க வேண்டும். கிளைச் செயலாளர்கள் தேதியை இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளட்டும்.